பத்தொன்பது மில்லிமீட்டர்

என் கண்ணாடியை யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள் என்பதில் அன்று காலை எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாத விஷயத்தில் சத்தம் போட நான் தயங்குவதில்லை. ஒர்க்ஷாப்பின் தகரக் கூரை அதிரும்படி கத்தினேன்.

"எங்கேடா என் கண்ணாடி?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா? உங்க மூக்குல இருக்குற பொருளுக்கு நானா காவல்?" என்றான் மச்சினன், தலையைக்கூடத் தூக்காமல்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. என் ஒர்க்ஷாப்பில் எலக்ட்ரீஷியன். ஒர்க்ஷாப் என்னுடையது, ஆனால் ஹெட்லைட் வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு அவன் பெயரில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறோம். அதற்கான பரீட்சை நடந்த அன்று எனக்குக் கடுமையான வயிற்றுவலி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன கேள்வி கேட்டார்கள், நான் என்ன பதில் எழுதினேன் என்பதெல்லாம் இந்தக் கதைக்குத் தேவையில்லாத சமாச்சாரம்.

அந்தச் சட்டம் வாசலில் தொங்குமா, இறங்குமா என்பதுதான் அன்றைய பிரச்சினை. அந்த மாதத்தில் மட்டும் அவன் கைபட்ட இரண்டு வண்டிகள் சோதனை நிலையத்தில் தேறாமல் திரும்பியிருந்தன. மூன்றாவதும் திரும்பினால் ஒரு வருஷத்துக்கு அனுமதி ரத்து. ஹெட்லைட் பக்கம் அவன் கையை நீட்டக் கூடாது. இரண்டு பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது. என் மனைவி ஒரு வாரமாக எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் பேசுவதில்லை. தம்பி செய்த தப்புக்குப் புருஷன்மேல் கோபப்படும் நியாயம் எனக்குப் புரியவே இல்லை.

மூன்றாவது வண்டி பல் டாக்டர் அம்மாவுடையது. பதினொரு மணிக்குச் சோதனை.

இந்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. வண்டியின் பின்பக்கம் நாலு பேர் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். மூக்கோடு சேர்ந்து ஹெட்லைட்டும் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறவன் கண்ணில் போய் அடிக்கும். அவன் கண் கூசி நம்மைத் திட்டிக்கொண்டே ஓரத்துச் சுவரில் மோதுவான். இதைத் தடுக்கத்தான் இப்போதைய வண்டிகளில் ஓர் ஏற்பாடு. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். அதிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சின்னக் கம்பி போய் அச்சோடு சேர்ந்திருக்கும். பின்பக்கம் அமுங்கினால் கம்பி தள்ளும், சென்சார் திரும்பும், "பின்னாடி இவ்வளவு இறங்கிடுச்சு" என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். உடனே ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி மோட்டார் லைட்டைக் கீழே குனிய வைக்கும். ஆட்கள் இறங்கினால் மறுபடி நிமிர்த்தும். ஓட்டுகிறவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

சேறும் தண்ணீரும் பட்டு அந்தச் சின்னக் கம்பி துருப்பிடித்து உடையும். புதுசு போட்டால் மட்டும் போதாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அதன் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, "இதோ பார், இப்போ நீ நிக்கிற உயரம்தான் ஜீரோ, இதுல இருந்து கணக்கு வெச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜீரோ எடுப்பது என்பார்கள். இரண்டு நிமிஷ வேலை. திரையில் பச்சை டிக் விழும். பிறகு ஒளி சரியான இடத்தில் விழுகிறதா என்று சுவரில் வரைந்த கோட்டைப் பார்த்து உறுதி செய்யலாம். ஆனால் எங்கள் சுவரில் மதியத்துக்குமேல் வெயில் நேராக வந்து அடிக்கும். ஹெட்லைட்டும் தெரியாது, கோடும் தெரியாது. அதனால் மதியம் நாங்கள் டிக்கை நம்புவோம். ஒளி பார்க்கும் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று மச்சினன் மூன்று வருஷமாகச் சொல்கிறான். சுவர் இருக்கும்போது பெட்டி எதற்கு என்று மூன்று வருஷமாக நானும் சொல்கிறேன்.

சரி, மதியத்துக்கு வருவோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஒர்க்ஷாப்பில் நிற்க முடியாது. தகரக் கூரை மேலே காயும், கீழே நாங்கள் வேகுவோம். ஜீரோ எடுக்கும்போது பேட்டரி இறங்காமல் இருக்க என்ஜினை ஓடவிடுவான் மச்சினன். என்ஜின் ஓடினால் ஏசி ஓடும். ஏசி வீணாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, வேலையை மேற்பார்வை பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டும் மேற்பார்வை பார்க்கலாம். அனுபவம் இருந்தால் முடியும்.

முந்தின நாள் மதியமும் அப்படித்தான் பல் டாக்டர் வண்டியில் ஏறினேன். மச்சினன் ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் தட்டினான்.

"மாமா, இந்த ஒரு தடவை மட்டும் கீழ எறங்குங்க."

"எதுக்கு?"

"புத்தகத்துல போட்டிருக்கு. ஜீரோ எடுக்கும்போது வண்டியில லோடு இருக்கக் கூடாதாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லோடா? நான் என்ன சிமென்ட் மூட்டையா? லோடுன்னா டிக்கியில ஏத்துற சாமான்டா. உக்காந்திருக்கறவன் மனுஷன். புத்தகத்துல மனுஷன் உக்காரக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"அப்படிப் போடல மாமா, ஆனா..."

"அப்போ எடு ஜீரோவ. கதவச் சாத்து, குளிர் போகுது."

அவன் கதவைச் சாத்தினான். டிக் விழுந்ததை நான் பார்க்கவில்லை, அப்போது ஆழ்ந்த மேற்பார்வையில் இருந்தேன்.

"காலையில பண்ண வண்டியெல்லாம் பாஸாகுது மாமா. மத்தியானம் பண்ணதுதான் திரும்பி வருது," என்று இரண்டாவது வண்டி திரும்பிய அன்றே அவன் சொல்லியிருந்தான். அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "சாப்பிட்டதும் உனக்குத் தூக்கம் சொக்குது, வேலையில கவனம் இல்ல," என்றேன். சொல்லிவிட்டு ஏப்பம்கூட விட்டேன் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்குச் சோதனை நிலையத்தில் வண்டியை நிறுத்தினோம். என் கண்ணாடி அதுவரை கிடைக்கவில்லை. வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மச்சினன் விரல்கள் வெளுத்திருந்தன.

அங்கே ஹெட்லைட் பார்க்கிறவர் ஓர் அம்மா. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கிற அத்தனை ஒர்க்ஷாப்காரர்களும் அவருக்கு வைத்த பெயர் அரைவிரல் மேடம். கோடு அரைவிரல் நகர்ந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவார். திருப்புவதோடு விட்டாலும் பரவாயில்லை. தவறுக்குக் காரணம் என்ன என்று ஒரு மஞ்சள் சீட்டில் ஒர்க்ஷாப் முதலாளியே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை வாசல் பலகையில் ஒரு மாதம் குத்தி வைப்பார், மற்றவர்கள் படித்துத் திருந்துவதற்காக. போகிற வருகிற எல்லாரும் அந்தப் பலகை முன்னால் நின்று படிப்பார்கள். நானும் படிப்பேன். வாய்விட்டுச் சிரித்துப் படிப்பேன். 'இடது லைட்டை வலதில் மாட்டிவிட்டோம்' என்று எழுதிய ஒருவனை இன்றுவரை எங்கே பார்த்தாலும் விடுவதில்லை.

இப்போது அந்தப் பலகையில் எங்கள் சீட்டும் இரண்டு இருந்தது. இரண்டிலும் என் கையெழுத்து. 'எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவு' என்று நன்றாகச் சுழித்து எழுதியிருந்தேன்.

அரைவிரல் மேடம் வண்டிக்கு முன்னால் தன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். உள்ளே லென்ஸ் வைத்த பெட்டி. பகலிலும் அதன் சின்னத் திரையில் ஒளியின் கோடு பளிச்சென்று விழும். மச்சினன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இறங்கினான். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மேல அடிக்குது," என்றார்.

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவனை முறைத்தேன். "பாத்தியா? நேத்தே சொன்னேன், கவனமா பண்ணுன்னு."

வழக்கமாக அந்த அம்மா உடனே மஞ்சள் சீட்டை நீட்டிவிடுவார். அன்று நீட்டவில்லை. "ஒரே ஒர்க்ஷாப், மூணு வண்டி. மூணும் மேல. மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கவனக்குறைவுன்னா ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும். இது என்னவோ ரொம்ப ஒழுங்கான கவனக்குறைவா இருக்கே," என்று சொல்லி ஸ்கேனரை மாட்டினார்.

திரையைப் படித்தவர் புருவத்தை உயர்த்தினார். "வண்டி இப்ப காலியாத்தானே நிக்குது? ஆனா ஜீரோவைவிடப் பத்தொன்பது மில்லிமீட்டர் மேல நிக்கிறதா சொல்லுது. காலி வண்டி காலி வண்டியைவிட மேல எப்படி நிக்கும்?"

எனக்குக் கழுத்துக்குப் பின்னால் லேசாக வியர்த்தது. ஆனால் அன்று வெயிலும் அதிகம்தான்.

"ஜீரோ எடுக்கும்போது பின்னாடி ஏதோ கனமா இருந்திருக்கு. என்ன வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வெக்கல மேடம்," என்றேன் நான். அதில் பொய் இல்லை. யாரும் எதையும் வைக்கவில்லை, நானாகத்தான் ஏறினேன்.

அவர் மச்சினனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "நான்தான் மேடம் கவனிக்கல. என் தப்புதான்," என்றான்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. அதற்கடுத்த நொடி, அவன் கை சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்ததைக் கவனித்தேன். வாசலில் தொங்கும் சீட்டோடு கொடுத்த சின்ன அனுமதி அட்டையை அவன் எப்போதும் அந்தப் பையில்தான் வைத்திருப்பான்.

"கவனிக்கலன்னா எதைக் கவனிக்கல?" என்றார் மேடம். "சரி, வண்டிகிட்டயே கேப்போம்."

சோதனைக்கு அவர்கள் மணல் மூட்டை வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் சரியாக இருபத்தைந்து கிலோ. டிக்கியில் ஒன்றை வைத்துப் பார்த்தார், கணக்கு ஒத்துவரவில்லை என்று தலையை ஆட்டினார். எடுத்துப் பின்சீட்டில், சென்சார் இருக்கிற பக்கமாக, மெத்தை அமுங்கிக் கிடந்த வலது ஓரத்தில் வைத்தார். திரையில் பத்தொன்பது பதினாலானது. இரண்டாவது மூட்டை, பத்து. மூன்றாவது, ஐந்து. நான்காவது மூட்டையை வைத்ததும் எண் ஒன்றில் வந்து நின்றது.

"நூறு கிலோ. இன்னும் கொஞ்சூண்டு வேணும்," என்று சுற்றிலும் பார்த்தார். சுவரில் தொங்கிய தீயணைக்கும் சிலிண்டரைக் கழற்றி மூட்டைகளின்மேல் வைத்தார். நாலு கிலோ.

ஜீரோ.

"நூத்தி நாலு கிலோ. பின்சீட்டு, வலது ஓரம்," என்றார் மேடம். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார்.

"என்னோட எடை தொண்ணூறு மேடம்," என்றேன், யாரும் கேட்காமலே.

மூட்டையை இறக்கக் குனிந்த மேடம், முன்சீட்டின் முதுகுப் பையில் கையை விட்டு எதையோ எடுத்தார். மடித்த பேப்பர். அதற்குள்ளிருந்து ஒரு கண்ணாடி. ஒரு பக்கக் காலில் சிவப்பு ஒயர் டேப் சுற்றியிருந்தது. அதைச் சுற்றியவன் நான்தான், அதுவும் எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருக்கிறேன் என்று ஒர்க்ஷாப்பில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறேன்.

"பல் டாக்டரோடதா?"

மச்சினன் கூரையைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணாடி இல்லாமல் எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

"என்னோடது," என்றேன்.

"நீங்க உக்காந்திருக்கும்போது ஜீரோ எடுத்தீங்களா?"

"ஏசி வீணாப் போகுதேன்னு..."

"அதான் விஷயம்," என்றார் அவர், ஏதோ நோயைக் கண்டுபிடித்துவிட்ட வைத்தியர் போல. "வண்டி உங்களையும் தன்னோட ஒரு பாகம்னு நினைச்சுக்கிச்சு. பிறந்ததிலிருந்தே நீங்க பின்னாடி இருக்கீங்கன்னு நம்புது. நீங்க எறங்கிப் போனதும், 'அய்யோ, பின்பக்கம் எழும்பிடுச்சே, மூக்கு கவுந்திருக்குமே, லைட் கீழ போயிருக்குமே'ன்னு பயந்து லைட்டத் தூக்கிப் பிடிக்குது. ஆளில்லாத வண்டி, உங்களத் தேடிக்கிட்டு ஊரெல்லாம் எதிர்ல வர்றவன் மூஞ்சில லைட் அடிச்சுப் பாக்குது."

பக்கத்து வரிசையில் நின்றிருந்த வேன் டிரைவர் ஒருவன் சத்தமாகச் சிரித்தான். அவனை முறைக்கலாம் என்று திரும்பினேன். முறைக்க முகம் வரவில்லை.

அதன்பிறகு நடந்ததில் எனக்கு வேலையே இல்லை. மச்சினன் காலி வண்டியில் மறுபடி ஜீரோ எடுத்தான். நான் பத்தடி தள்ளி, வண்டியைத் தொடாமல் நின்றேன். பெட்டியின் திரையில் கோடு மெதுவாக இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அரைவிரல் இல்லை, நகக்கண் அளவுகூட விலகவில்லை. மச்சினன் வேலை எப்போதுமே அப்படித்தான் இருக்கும், யாராவது வேலை செய்யவிட்டால்.

"வண்டி சரியாயிடுச்சு. ஆனா வந்தப்ப தப்பா வந்துச்சு. சீட்டு எழுதியாகணும்," என்றார் மேடம். மஞ்சள் சீட்டையும் என் கண்ணாடியையும் சேர்த்து நீட்டினார். "போட்டுக்கிட்டு எழுதுங்க. காரணம் எலக்ட்ரீஷியன்னா அவர் கணக்குல மூணு. அட்டைய வாங்கிக்கணும். காரணம் ஒர்க்ஷாப்புன்னா அவருக்குச் சேராது. உங்களுக்கு ஓர் எச்சரிக்கை, பலகையில ஒரு மாசம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஒரு மாதம். இடது லைட்டை வலதில் மாட்டியவன் வாரத்துக்கு இரண்டு முறை இங்கே வருவான். வந்து, படித்து, எல்லாருக்கும் போன் போடுவான். மச்சினன் தள்ளி நின்று வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'நேத்தே சொன்னேனே' என்றுகூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லியிருப்பேன்.

வெட்கமாக இருந்தது. எடையைப் பற்றி இல்லை. அதுவும்தான், ஆனால் அது பிறகு.

எழுதினேன்: 'ஜீரோ எடுக்கும்போது பின்சீட்டில் லோடு இருந்தது. எலக்ட்ரீஷியன் இறங்கச் சொன்னார். லோடு இறங்கவில்லை.'

மேடம் படித்தார். "லோடுன்னா எது? படிக்கிறவங்களுக்குப் புரியணுமே."

அடைப்புக்குறி போட்டு 'முதலாளி' என்று எழுதினேன். பிறகு நானாகவே வாசலுக்குப் போய், பலகையிலிருந்த பழைய சீட்டு இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "இதையும் மாத்தணும் மேடம். அன்னிக்கும் நான்தான் பின்னாடி இருந்தேன்."

'எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவு' என்ற வரியை இரண்டு சீட்டிலும் அடித்தேன். அந்தச் சுழிப்பையெல்லாம் அடிக்க நிறைய மை செலவானது. மச்சினன் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா..." என்றான்.

"பேசாத. உங்க அக்காகிட்ட நீ எதுவும் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கிறேன். அந்தப் பெட்டியையும் வாங்கித் தொலைப்போம்."

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றார் அரைவிரல் மேடம். "லோடு வெச்சு ஒரு தடவை பாக்கணும். லைட் தானாக் குனியுதான்னு தெரியணும். அந்த மூட்டையெல்லாம் மறுபடி ஏத்துங்க."

மச்சினன் மூட்டைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. எனக்குத் தெரியும், அவன் அக்காவுக்கும் அதே சிரிப்புதான்.

"எதுக்கு மேடம் மூட்டை? அதான் மாமா இருக்காரே," என்றபடி பின்கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்க மாமா. ஏசி போட்டிருக்கேன்."

வேன் டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க இறங்கி வந்தான். நான் ஏறி, வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். வண்டி என்னைத் தாங்கி மெல்ல அமுங்கியது. முன்னால் பெட்டித் திரையில் கோடு ஒரு கணம் மேலே எழும்பி, யாரும் எதுவும் செய்யாமலே தன்னால் குனிந்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"பாஸ்," என்றார் மேடம். பேனாவை எடுத்தார். "சோதனைக்கு வெச்ச லோடு, எடை எவ்வளவு?"

"தொண்ணூறு," என்றேன்.

அவர் எழுதவில்லை. பேனாவைத் தூக்கியபடியே காத்திருந்தார். மச்சினன் தீயணைக்கும் சிலிண்டரை எடுத்துச் சுவரில் மாட்டினான், ரொம்ப மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படியாக.

"நூத்தி நாலு," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.